பனிமலை இல்லாத ஆற்றின் கழிமுகம்

கங்கைக்கு இமயத்துப் பனி உண்டு. கோடையில் அது உருகி ஆற்றை வற்றாமல் காக்கிறது. நம் கொசத்தலையாற்றுக்கோ பருவமழை ஒன்றே முதல். ஆகவே பனிக்கு மாற்றாக இந்நிலத்தார் ஏரிகளை வெட்டினர். 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. இயற்கையும் தன் பங்குக்கு மீஞ்சூர்ப் பகுதியின் மணலடியில் நன்னீரைச் சேர்த்து வைத்திருந்தது.

இவ்வாறு கடல்சேரும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டே காட்டுப்பள்ளி. அதன் மேற்கே பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. 1806இல் சென்னையையும் எண்ணூரையும் இணைக்கத் தனியார் முயற்சியாகத் தொடங்கிய அது, பின்னர் பழவேற்காடுவரை நீண்டது. விறகும் உப்பும் அவ்வழியே நகருக்கு வந்தன. வெள்ளையர் படகேறி இளைப்பாறச் சென்றதும் எண்ணூர் நீர்ப்பரப்புக்குத்தான்.

ஆனால் 1877-78இல், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதியை வெட்டியவர்கள் பஞ்சத்தில் பசித்த கூலிகள். கால்வாய்க்கு வாய்த்ததோ ஆளுநரின் பெயர்! மழை பொய்த்த காலத்தில் பிறந்த நீர்வழி அது என்பதை நாம் மறந்துவிட்டோம்.

மணலடி நீரையும் அவ்வாறே மறந்தோம். அளவின்றி இறைத்ததால் 1970களிலேயே மீஞ்சூர்க் கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. 2010இல் அதே கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. விலையின்றிக் கிடைத்ததை இழந்து, விலைகொடுத்து மீட்கிறோம். உருகிவரப் பனியில்லாத நாட்டில் ஏரியும் மணலும் கழியுமே நம் பனிமலைகள். அவற்றைத் தூர்ப்பதற்குமுன் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.