பொம்மை நகரமும் பொம்மை இரயிலும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் மூன்று. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன அவை. மணலில் வீடு கட்டி விளையாடும் சிறுமியர், தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டா எனப் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவனை இரந்து நிற்பர். சிறுதேர்ப் பருவத்தில் அவனைத் தேர் உருட்டுமாறு வேண்டும் பாடல்கள் வரும். பட்டினப்பாலையிலும் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று உருள்வதைத் தமிழ் மாணவர் அறிவர். வீடு கட்டுதலும் வண்டி உருட்டுதலும் எந்நாட்டுக் குழந்தையும் தானே கண்டுகொள்ளும் விளையாட்டுகள். மணல் வீடு மாலைக்குள் கலைந்துவிடும். அச்சு முறிந்த சிறுதேரும் மறுநாள் மறக்கப்படும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் இவ்விரு விளையாட்டுகளும் வேறொரு வாழ்வைப் பெற்றன. சிறு செங்கற்களால் பொம்மை நகரம் எழுப்புவதும், பொம்மை இரயில்களைச் சேர்ப்பதும் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடாமல் பெரியவர்களின் பொழுதுபோக்காக வளர்ந்தன. ஒரே நகரத்தைப் பல்லாண்டு கட்டி வருவோரும், பாட்டனார் வாங்கிய இரயிலுக்குப் புதிய பெட்டிகளைச் சேர்க்கும் பேரரும் மேலைநாடுகளில் உளர். மணல் வீட்டுக்கு வாய்க்காத இந்நெடிய ஆயுள் இவற்றுக்கு எவ்வாறு வாய்த்தது? கைத்திறனையும் வாணிகத் திறனையும் காரணமாகக் கூறுவர். அவை உண்மையே. ஆயினும், கேட்பதற்குச் சுவையற்றதாகத் தோன்றும் ஒன்றே முதற்காரணம் எனலாம். இவற்றைச் செய்தோர் ஓர் அளவை வகுத்துக்கொண்டு, அதனின்றும் மாறாது நின்றனர்.

தெற்கு ஜெர்மனியில் கெப்பிங்கன் என்னும் ஊரில் மெர்க்லின் என்ற தகரக் கொல்லர் 1859இல் ஒரு பட்டறை தொடங்கினார். பொம்மை வீட்டுக்குரிய சிறு பாத்திரங்களே அவர் செய்தவை. ஏழாண்டுகளில் அவர் இறந்துபோக, அவருடைய மனைவி கரோலின் தொழிலைத் தாங்கிப் பிடித்தார். தாமே ஊர் ஊராகச் சென்று பொருள்களை விற்றார். பிற்காலத்துப் பொம்மை இரயில் விளம்பரங்களில் பெரும்பாலும் தந்தையும் மகனுமே காட்சியளித்தனர். அத்தொழிலின் புகழ்மிக்க நிறுவனம் ஒரு பெண்மணியின் உழைப்பால் பிழைத்தது என்பதை அப்படங்கள் சொல்வதில்லை.

பொம்மைச் சமையலறைக்கு இந்த ஆண்டு ஒரு குடம், அடுத்த ஆண்டு ஒரு தட்டு எனச் சேர்த்துக்கொண்டே போகலாம். அவ்வழக்கத்தை இரயிலுக்கும் கொண்டுவந்தவர்கள் மெர்க்லினின் மக்கள். 1891இல் லைப்சிக் நகரின் வசந்தகாலச் சந்தையில், எட்டு என்ற எண்ணின் வடிவில் வளைந்த தண்டவாளத்தின்மீது, சாவி கொடுத்தால் ஓடும் இரயில் ஒன்றை அவர்கள் காட்டினர். பொம்மை இரயில்கள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த பாதையில் ஓடாது. வாங்கிய பொம்மை வாங்கியபோதே முழுமையடைந்துவிடும், அதற்குமேல் வளராது. மெர்க்லின் சகோதரர்களோ தண்டவாளங்களின் இடைவெளியை வரையறுத்து, அவ்வளவுகளுக்கு எண்களும் இட்டனர். அவ்வளவுக்குப் பொருந்தும் கூடுதல் தண்டவாளம், பெட்டி, கிளைப்பாதை ஆகியவற்றைத் தனித்தனியே விற்றனர். பிற உற்பத்தியாளர்களும் அந்த எண்களையே பின்பற்றலாயினர்.

முதலாம் எண்ணுக்குரிய இடைவெளி 45 மில்லிமீட்டர். அதனினும் சிறிய பாதை தேவைப்பட்டபோது ஒன்றுக்குக் கீழே எண் இல்லாமற்போகவே சுழியத்தை நாடினர். அதன் அளவு 32 மில்லிமீட்டர். பின்னர் அதிலும் ஏறத்தாழப் பாதியாகி 16.5 மில்லிமீட்டருக்கு வந்தபோது, முதலில் இரட்டைச் சுழியம் என்றும் பின்னர் பாதிச் சுழியம் என்றும் பெயரிட்டனர். சுழியத்தில் பாதி எவ்வளவு என்று கணக்காசிரியர் கேட்டால் விடை கூறுவது கடினம்! இரயில் பிரியர்களுக்கோ அதில் ஐயமே எழுவதில்லை. பாதிச் சுழியத்தில் ஓடும் வண்டி, உண்மை வண்டியின் 87இல் ஒரு பங்கு என்று அவர்கள் உடனே சொல்லிவிடுவர்.

அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கு தற்செயலாகத் தோன்றியது. ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம், கடைச் சன்னலில் வேடிக்கை காட்டி ஆள் சேர்ப்பதற்காக மின்கலத்தால் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தது. வந்தவர்கள் சன்னலில் இருந்த சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டனர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், இறைச்சி இறக்குமதி செய்யும் வணிகர் ஒருவரிடம் எழுத்தராக இருந்த பிராங்க் ஹார்ன்பி, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பூட்டிப் பாலமும் பாரந்தூக்கியும் கட்டும் முறைக்கு 1901இல் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று பின்னர் பெயர்பெற்ற அதில், துளைக்கும் துளைக்கும் இடையே அரை அங்குலம். எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் இணையும். 1920இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் இரயில்களும் கழற்றிப் பூட்டத் தக்கனவாகவே இருந்தன.

நகரம் கட்டும் கட்டைகளின் வரலாறு ஓர் ஆசிரியரிடம் தொடங்குகிறது. குழந்தைக் கல்வியின் முன்னோடியான பிரோபெல், 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் ஒரு நிலையம் தொடங்கி, மரத்தாலான கனசதுரங்களையும் செவ்வகக் கட்டைகளையும் குழந்தைகளின் கையில் கொடுத்தார். ஒரு பெரிய கனசதுரத்தை வகுத்துச் செய்த கட்டைகளாதலின், அவை ஒன்றுக்கொன்று பின்னக் கணக்கால் பொருந்தின. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், தம் தாயார் வாங்கித் தந்த அக்கட்டைகளே தம் கலைக்கு அடிப்படை இட்டன என்று முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

மரத்திலிருந்து கல்லுக்கு மாறியவர்கள் ஓட்டோ லிலியந்தால், குஸ்தாவ் லிலியந்தால் என்னும் சகோதரர்கள். மணல், சுண்ணம், ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து அழுத்திச் செயற்கைக் கல் செய்யும் முறையைக் கண்ட அவர்களுக்கு, அதை விற்கும் வகை தெரியவில்லை. ரிக்டர் என்னும் வணிகர் அதை வாங்கி, 1880களில் ருடோல்ஸ்டட் நகரிலிருந்து நங்கூரச் சின்னம் பொறித்து உலகெங்கும் அனுப்பினார். செங்கல் சிவப்பு, மணற்கல் மஞ்சள், பலகைக்கல் நீலம் என மூன்று நிறங்கள். அளவுக்கு அடிப்படை 25 மில்லிமீட்டர். ஒரு பெட்டியை வாங்கியவர் அடுத்த எண்ணுள்ள துணைப் பெட்டியை வாங்கினால் வீடு தேவாலயமாகும். அதற்கடுத்த பெட்டியால் கோட்டையாகும். ரிக்டர் செல்வரானார். ஓட்டோ லிலியந்தால் வானில் மிதக்கும் கலையில் இறங்கி, 1896இல் மிதவை வானூர்தியிலிருந்து விழுந்து இறந்தார். வானூர்தி வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தது. பொம்மை வரலாற்றில் அதை அறிந்தோர் சிலரே.

நகரமும் இரயிலும் ஒரே தரையில் சந்தித்ததை அழகுற எழுதி வைத்தவர், அறிவியல் புதினங்களால் புகழ்பெற்ற எச். ஜி. வெல்ஸ். தம் இரு மைந்தரோடு வீட்டுத் தரையில் ஆடிய விளையாட்டுகளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1911இல் வெளிவந்தது. மரக் கட்டைகளால் கட்டிய அந்நகரங்கள் எப்போதும் இரட்டை நகரங்களாகவே இருந்தன. பிள்ளைகள் இருவருக்கும் நகரத் தலைவராகும் ஆசை இருந்தமையே காரணம். அவரவர் நகரத்தில் அவரவர் ஆட்சி. தண்டவாளம் மட்டும் பொது. எவரும் தம் நிலையத்திலிருந்து புறப்பட்டு, மற்றவர் நகரின் வழியாக, எவரிடமும் கெஞ்சாமல், தம் நிலையத்துக்கே திரும்பும் வண்ணம் பாதை திறந்திருக்க வேண்டும் என்பது அவ்வீட்டுச் சட்டம். கடைகளில் போர்வீரர் பொம்மைகளே மலிந்து, குடிமக்கள் பொம்மைகள் அரிதாய் இருப்பதையும் வெல்ஸ் குறைகூறினார். முதல் உலகப் போர் மூள்வதற்கு மூன்றாண்டு முன்பு எழுதப்பட்டது அது.

மரக் கட்டைக்கும் கற்கட்டைக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை ஒன்றன்மீதொன்று இருக்குமேயன்றி ஒன்றையொன்று பற்றா. அருகில் இரயில் சற்று விரைந்து ஓடினாலும் கோபுரம் சரியும். இக்குறையைத் தீர்க்க முயன்றவர்களுள் இங்கிலாந்தின் ஹிலரி பிஷர் பேஜ் முக்கியமானவர். குழந்தைகள் விளையாடுவதை நேரில் கண்டு ஆராய்ந்து பொம்மை செய்தவர் அவர். மேலே குமிழ்களும் அடியில் குழிவும் உடைய பிளாஸ்டிக் செங்கல்லை 1947இல் அவருடைய கிட்டிகிராப்ட் நிறுவனம் வெளியிட்டது.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் தச்சராயிருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன், 1930களின் பொருளாதார மந்தத்தில் வீட்டு வேலை குறையவே, 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934இல் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயர் சூட்டினார். 1942இல் பட்டறை எரிந்தது, மீண்டும் கட்டினார். 1946இல் பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்றை வாங்கியதையொட்டிப் பேஜின் செங்கல் மாதிரியும் அவர் கைக்கு வந்தது. அளவுகளை மெட்ரிக் முறைக்கு மாற்றி, குமிழின் உச்சியைத் தட்டையாக்கி, 1949இல் அவர் தம் செங்கல்லை வெளியிட்டார். இது மூலத்தைப் பார்த்துச் செய்ததே என்பதை லெகோ நிறுவனமும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டது. பேஜின் செங்கல்லுக்குரிய எஞ்சிய உரிமைகளை 1981இல் விலைக்கும் வாங்கியது. பேஜ் அதைக் காண இல்லை. அவர் 1957இலேயே மறைந்தார். லெகோ பிரிட்டனில் விற்பனைக்கு வந்ததோ 1960இல்.

பேஜுக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. எனினும் பில்லுண்டில் நிகழ்ந்ததை வெறும் நகலெடுப்பு என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது. ஓலேயின் மகன் காட்பிரெட், பொம்மைத் தொழிலில் ஒழுங்குமுறை என்பதே இல்லை என்று வணிகர் ஒருவர் சொல்லக் கேட்டுச் சிந்தித்தார். 1955இல் அவர் வெளியிட்டது நகரத் திட்டம். தெருக்கள் வரைந்த ஒரு விரிப்பு, அதன்மேல் வீடு எழுப்பச் செங்கற்கள், ஓட்டுவதற்குச் சிறு ஊர்திகள் எனத் தொடக்கத்தில் 28 பெட்டிகளும் 8 ஊர்திகளும் இருந்தன. அவ்வூர்திகள் பாதிச் சுழிய இரயிலின் அளவாகிய 87இல் ஒரு பங்கிலேயே செய்யப்பட்டன. ஆயினும் அடியில் வெற்றிடமாயிருந்த செங்கல் உறுதியாகப் பற்றவில்லை. உட்புறம் குழல்களை வைத்து அக்குறையைத் தீர்த்து, 1958 ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். குழல் குமிழை நெருக்கிப் பிடிக்கும். குழந்தையின் கை இழுத்தால் விட்டுவிடும். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர், செங்கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர் என்னும் அளவுகள் அதன்பின் மாறவில்லை. அன்றைய செங்கல் இன்றைய செங்கல்லோடு இணையும். எட்டுக் குமிழ்ச் செங்கற்கள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடிக்கும் மேற்பட்ட வகைகளில் இணைக்கலாம் என்று கணித அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

1966இல் அந்நகரத்துக்கு இரயில் வந்தது. பேட்டரியில் தொடங்கி, பின்னர்த் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் பெறும் முறைகள் வந்தன. 1991இல் அறிமுகமான உலோகத் தண்டவாள இரயிலை நம்பிப் பலர் வீடு நிறைய நகரம் கட்டினர். 2007இல் அம்முறை கைவிடப்பட்டபோது அவர்கள் கொண்ட மனக்குறை பெரிது. இயக்கும் பொறி மாறியது. பாதையின் அகலம் மட்டும் 1966இல் இருந்தபடியே நின்றது. ஆதலால் பழைய பெட்டிகள் புதிய பாதையிலும் உருண்டன. 1968இல் பில்லுண்டில் செங்கல் நகரங்களைக் காட்டும் பூங்கா திறக்கப்பட்டது. அதன் வழிவந்த பூங்கா ஒன்று 2012 செப்டம்பரில் ஜொகூரில் ஆசியாவிலேயே முதலாவதாகத் தொடங்கப்பெற்றதை மலேசிய, சிங்கப்பூர் மாணவர் அறிவர். ஆசிய நகரங்களின் கட்டடங்கள் அங்கே குமிழ்ச் செங்கற்களால் எழுந்து நிற்கின்றன.

சேர்த்தல் என்னும் பழக்கம் வலுப்பெற்றபோது விளையாட்டின் இயல்பும் மாறியது. ஹார்ன்பி நிறுவனம் 1928இல் சிறுவர்க்கென ஓர் இரயில் சங்கம் கண்டது. அவர்கள் இரயிலை ஓட்டியவர்கள். 1954இல் அமெரிக்காவிலும் 1969இல் இங்கிலாந்திலும் தோன்றிய சேகரிப்பாளர் சங்கங்களோ பெரியவர்களுடையவை. சேகரிப்பாளர் சந்தையில் ஒரு பொம்மையின் விலையை அதன் நலங்காத நிறமும், அது வந்த அட்டைப் பெட்டியும் உயர்த்தும். நாள்தோறும் ஓடி வண்ணம் உதிர்ந்த இரயிலுக்கு விலையில்லை. எந்தக் குழந்தையும் தொடாத இரயிலுக்கே விலை அதிகம். குழந்தைக்குக் கிடைக்காமற்போனதே பொம்மையின் தகுதியாகிவிட்ட இந்நிலை கசப்பானது. 2005 ஜனவரியில் மெர்க்லின் அருங்காட்சியகத்தில் கள்வர் புகுந்து பழைய இரயில்களைக் கவர்ந்து சென்றனர். அவை பின்னர் மீட்கப்பட்டன. திருடத் தக்க செல்வமாகிவிட்டது சிறுதேர்.

ஆனால் சேகரிப்பாளரை இகழ்ந்து ஒதுக்குதலும் நேர்மையன்று. நிறுவனங்கள் நிலையானவை அல்ல. ஹார்ன்பியின் லிவர்பூல் ஆலை 1979இல் மூடப்பட்டது. மெர்க்லின் 2009இல் நொடித்து, பின்னர் வேறொரு பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனது. அதே காலத்தில், பாதிச் சுழியப் பாதையைக் கொண்டே ஹாம்பர்க் நகரின் பழைய கிடங்கு ஒன்றில் 2001இல் இரட்டையரான பிரவுன் சகோதரர்கள் தொடங்கிய சிற்றுலகம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரயில்கள் ஓடும் இடமாக வளர்ந்தது. மழலையரோடு வந்த பெற்றோர், மழலையரை மறந்து அங்கே நிற்பதுண்டு.

ருடோல்ஸ்டட்டின் கற்கட்டைகளுக்கு நேர்ந்ததோ இன்னும் வியப்பானது. இரு உலகப் போர்களையும் நாட்டுப் பிரிவினையையும் கண்ட அவ்வாலை, கிழக்கு ஜெர்மனியின் ஆட்சியில் 1963இல் உற்பத்தியை நிறுத்தியது. பழைய பெட்டிகளைத் தேடி வாங்கி, உடைந்த கல்லுக்கு ஈடு கண்டு, கட்டட வரைபடங்களைப் பாதுகாத்து வந்தவர்கள் பல நாட்டு ஆர்வலர்கள். 1979இல் நெதர்லாந்தில் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். ஜெர்மனி மீண்டும் ஒன்றான பின், அவ்வார்வலர்களின் முயற்சியால் 1995இல் அதே ஊரில் ஆலை திறக்கப்பட்டது. மணல், சுண்ணம், ஆளிவிதை எண்ணெய், மூன்று நிறங்கள், அதே அளவு. 1880களில் ஒரு கொள்ளுப்பாட்டனார் வாங்கி வைத்த பெட்டியில் கல் ஒன்று குறைந்தால், அவ்விடத்தில் புதுக் கல்லை வைத்துக் கட்டலாம்.