பழைய தபால்தலை என்ன விலை போகும்?

"பழைய ஸ்டாம்ப் கையில் இருந்தால் லட்சாதிபதி ஆகிவிடலாம்!" என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ரொம்ப நாளாக உலவுகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பழைய வீட்டுப் பரணில் ஒரு கட்டு கடிதம் கிடைத்தால், முதலில் தேடுவது கத்தரிக்கோலைத்தான். ஸ்டாம்பை மட்டும் வெட்டிக்கொண்டு உறையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இதில் லாபத்தைவிட நஷ்டமே அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்' இங்கிலாந்தில் 1840 மே 6-ல் புழக்கத்துக்கு வந்தது. அச்சடித்தது 6.8 கோடிக்கும் மேல்! அதனால் இன்றும் அது தாராளமாகக் கிடைக்கிறது. நான்கு பக்கமும் ஓரம் முழுதாக இருந்தால் ஒரு விலை, ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் அதில் ஒரு சிறு பங்குதான்.

நம் நாட்டில் 1854-ல் வந்த நாலணா தபால்தலையின் கதை இன்னும் சுவையானது. அதன் சட்டம் எட்டுக்கோண வடிவம். அழகாக இருக்கட்டும் என்று பலர் அந்த வடிவத்திலேயே வெட்டிவிட்டார்கள். அப்படி வெட்டியவற்றுக்கு இன்று மதிப்பு மிகக் குறைவு. ஆனால் 1856-ல் வந்த பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தபால்தலையும் எட்டுக்கோணமாக வெட்டப்பட்டதுதான். அது 2014-ல் சுமார் 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது! உலகில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாக அறியப்பட்டிருக்கிறது என்பதே காரணம். ஒன்றே ஒன்று என்றால் குறை மன்னிக்கப்படும். கோடியில் ஒன்று என்றால் ஒரு குறையும் மன்னிக்கப்படாது. சப்ளை, டிமாண்ட் பாடம் இதுதான்.

டேனரியில் தோலைத் தரம் பிரிப்பவரைக் கவனித்தால் இது எளிதில் புரியும். தோலை விரித்து வைத்துக் கத்தி வெட்டு, ஓட்டை, முள் கீறல், உண்ணி கடித்த தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரே மாதிரி ஆட்டுத் தோல்தான். குறையைப் பொறுத்து விலை மாறும். தபால்தலையிலும் அப்படித்தான். பார்க்க வேண்டியவை:

1. ஓரத்துப் பற்கள் எல்லாம் இருக்கிறதா?
2. கிழிசல், மடிப்பு உண்டா?
3. பின்பக்கத் தாள் உரிந்து மெலிந்திருக்கிறதா? வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.
4. நிறம் மங்கியோ, ஈரத்தால் பழுப்புப் புள்ளி விழுந்தோ இருக்கிறதா?
5. படம் நடுவில் அமைந்திருக்கிறதா?
6. தபால் முத்திரை மெலிதாக இருக்கிறதா, அல்லது படத்தையே மறைக்கும் கறுப்பு மையா?

இவ்வளவும் தேறினாலும், சாதாரண தபால்தலைக்குக் கிடைப்பது சில்லறைதான். ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக்கில் போட்டிருக்கும் குறைந்தபட்ச விலைகூட, வியாபாரி அதைத் தேடி எடுத்துக் கொடுப்பதற்கான கூலிதான். அந்த விலைக்கு நம்மிடம் யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்படியானால் மதிப்பு எங்கே? பல நேரம் கிழித்துப்போட்ட உறையில்தான்!

1971 நவம்பர் 15 முதல் கடிதங்களில் 5 பைசா அகதிகள் நிவாரணத் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்கான நிதி அது. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மேலேயே அந்த வாசகத்தை அச்சிட்டுக் கொடுத்தார்கள். தனியாக எடுத்தால் அது காசு பெறாது. ஆனால் ஆம்பூர் முத்திரையும் தேதியும் தெளிவாக உள்ள முழு உறையில் இருந்தால், ஒரு தோல் நகரம் அந்த அகதிகள் நிவாரணத்தில் எப்படிப் பங்கெடுத்தது என்பதற்கு அது சாட்சி.

முகவரியும் வரலாறு பேசும். வாணியம்பாடி 1911 வரை சேலம் ஜில்லா. பிறகு வட ஆற்காடு, அதன்பின் வேலூர், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டம். பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தைய கடிதம். ஆம்பூர் பல காலம் வேலூர் மாவட்டத்தில் இருந்தும் அதன் எண் 635802, வேலூருக்கோ 632001. பதிவுத் தபால் சீட்டு ஒட்டிய உறைகூட இனி பழங்கதைதான். அந்தச் சேவை 2025-ல் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டது.

பெரியமேட்டுத் தோல் மண்டிக்கும் ஆம்பூருக்கும் இடையே போய்வந்த வியாபாரக் கடிதம் ஒன்று, யார் யாரோடு எந்த ஆண்டில் தொழில் செய்தார்கள் என்று சொல்லும். முத்திரையைப் பாதியாக வெட்டினால் ஊர் பெயர் ஒரு பக்கம், தேதி மறுபக்கம் என்று போய்விடும். வெட்டிய தோலை ஒட்ட முடியாது, உறையும் அப்படித்தான்.

எனவே நண்பர்களே, அடுத்த முறை பரணில் கட்டு கிடைத்தால், கத்தரிக்கோலை எடுக்கும் முன் உறையை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள்!