கறுத்துப்போன கூறைப்புடவை

குடும்ப போட்டோ எடுக்கலாம் என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் போதும், யார் என்ன உடுத்துவது என்ற பஞ்சாயத்து தொடங்கிவிடும். 160 வருடங்களுக்கு முன்னால் லண்டனிலும் பாரிசிலும் இதே பஞ்சாயத்து நடந்திருக்கிறது நண்பர்களே. ஆனால் அன்று தீர்ப்பு சொன்னது அம்மாவோ அக்காவோ இல்லை, கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம்!

1851-இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கொலோடியன் முறையை வெளியிட்டார். கண்ணாடியில் ஒரு பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். படம் அருமையாக வரும். ஆனால் அந்தத் தகட்டுக்கு ஒரு வகை நிறக்குருடு. நீலமும் ஊதாவும்தான் அதன் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். மஞ்சள் சரியாகத் தெரியாது, சிவப்பு தெரியவே தெரியாது. அதனால் வெளிர்நீல கவுன் படத்தில் வெள்ளையாகிவிடும், சிவப்பு கவுன் கறுப்பாகிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியாவுக்கு மருந்து செய்யப்போய், தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். (நம் வயதை விடக் குறைவு, கவனிக்கவும் :-) ) கொஞ்ச நாளில் ஊதா பெரிய ஃபேஷன் ஆனது. ஆசையாக அந்த கவுனைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனால், படத்தில் வருவது வெளுத்த துணி!

குடும்பமாக நின்றால் தலைவலி இன்னும் அதிகம். அப்பாவின் கறுப்புக் கோட்டு பதிய அதிக நேரம் வேண்டும். அதற்குள் குழந்தையின் வெள்ளைச் சட்டை மடிப்பே தெரியாமல் வெளிறிவிடும். போதாததற்குக் குழந்தை அசையும் வேறு. அதனால்தான் சுத்த வெள்ளையும் வெளிர்நீலமும் வேண்டாம், நடுத்தரமான நிறங்களில் வாருங்கள் என்று போட்டோக்காரர்கள் சொன்னார்கள். பட்டுக்குத் தனி மரியாதை. கறுப்புப் பட்டானாலும் மடிப்புகளில் வெளிச்சம் பட்டு மினுங்குமே.

காமர்ஸ் மாணவனாக எனக்குப் பிடித்த ஆள் டிஸ்தெரி. 1854-இல் பாரிசில் காப்புரிமை வாங்கினார். ஒரே தகட்டில் எட்டுச் சின்னப் படங்கள். ஒரு படத்துக்கு ஆகும் செலவு சரிந்தது, சாதாரண நடுத்தரக் குடும்பங்களும் ஸ்டுடியோ வாசலுக்கு வந்தன. படம் சொந்தக்காரர் வீட்டு ஆல்பங்களுக்கெல்லாம் போக ஆரம்பித்ததும், எதை உடுத்தினோம் என்பது ஊரறிந்த விஷயமாகிவிட்டது. 1860-இல் மேயால் என்பவர் எடுத்த அரச குடும்பப் படங்கள் இதே சின்ன அளவில் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அதில் விக்டோரியா ராணி கிரீடம் வைக்கவில்லை, சாதாரண கவுனில் கணவர் பக்கத்தில் நிற்கிறார். ராணி நடுத்தர வீட்டுப் பெண்மணி மாதிரி தெரிய விரும்பினார். நடுத்தர வீட்டுப் பெண்மணியோ இருப்பதிலேயே நல்ல பட்டை எடுத்து உடுத்தினார். இரண்டு பேருமே தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று யோசித்துத்தான் உடுத்தியிருக்கிறார்கள் என்பது என் கட்சி.

1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், தகட்டில் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சையையும் பார்க்கும் என்று கண்டார். எல்லா நிறங்களையும் பார்க்கும் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. ஆனால் சிவப்பு தெரியாத பழைய ரகங்கள் உடனே ஒழிந்துவிடவில்லை. சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே அவற்றைக் கழுவலாம் என்பது ஸ்டுடியோக்காரருக்கு எவ்வளவு வசதி!

நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் அவை புழங்கின. கொள்ளுப்பாட்டி காலத்துக் கல்யாணப் படங்களில் குங்குமப் பொட்டு கறுப்பாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரக்குக் கூறைப்புடவைக்கும் அதே கதிதான். "கல்யாணத்துக்குப் போய் கறுப்புச் சேலையா?" என்று சின்னப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இப்போது பழைய படங்களுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றித் தருகிறார்கள். அந்த மென்பொருளுக்குத் தெரிவது சாம்பல் நிறம் மட்டும்தான், மீதி எல்லாம் ஊகம். கறுப்பாகக் கிடக்கும் சேலை அரக்கா, கருநீலமா, கரும்பச்சையா என்று அதற்கு எப்படித் தெரியும்? உங்கள் வீட்டுப் படத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அந்தச் சேலையைக் கண்ணால் பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டு, படத்தின் பின்னால் நிறத்தை எழுதி வையுங்கள்.