அழற்சியும் கருவாங்கிகளும்: ஓர் ஆய்வு வரலாறு

சிவத்தல், வீங்குதல், வெம்மையுறல், நோதல் என்னும் நான்கினையும் அழற்சியின் குறிகளாக உரோமரான செல்சஸ் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஆயின் இக்குறிகள் எங்கே தோற்றம் பெறுகின்றன என்னும் வினாவுக்கு விடை காணப் பதினெட்டு நூற்றாண்டுகள் சென்றன. 1867 இல் யூலியஸ் கோன்ஹைம் என்பார் உயிருள்ள தவளையின் குடலைத் தாங்கும் மென்சவ்வை நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்து நோக்கினார். வெண்குருதிக் கலங்கள் நுண்ணிய நாளங்களின் சுவரில் ஒட்டி, அதனை ஊடுருவி வெளியேறுவதைக் கண்டார். அழற்சியின் மூலம் கலன்சுவரில் நிகழும் மாற்றமே என்பது அவர் பின்னர் அடைந்த முடிபாகும்.

அம்முடிபின் முழுப் பொருளும் விளங்குவதற்கு முன்னரே மருந்து வந்துவிட்டது. 1948 செப்டெம்பரில், அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில், மூட்டழற்சியால் முடங்கிக் கிடந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணொருவருக்கு பிலிப் ஹென்ச் குழுவினர் கோட்டிசோனை ஏற்றினர். சில நாட்களில் அவர் எழுந்து நடமாடினார். 1950 இல் ஹென்ச், கென்டல், ரைக்ஸ்ரைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எனினும், நீடித்து மருந்துண்டோரின் முகம் பருத்தது, என்பு நலிந்தது, தொற்றுநோய்கள் எளிதிற் பற்றின. நன்மையும் தீமையும் ஒரே மருந்தில் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதே அதன்பின் விஞ்ஞானிகளை வருத்திய வினா.

1958 அளவில் எல்வுட் ஜென்சன், கதிர்த்தொழிற்பாடுள்ள ஈஸ்திரசனைக் கொண்டு, ஓமோனைப் பற்றும் வாங்கி கலத்தினுள் உண்டு எனக் காட்டினார். 1985 இல் றொனால்ட் எவன்ஸ் குழுவினர் கோட்டிசோலின் வாங்கிக்குரிய பரம்பரையலகைப் பிரித்தெடுத்தனர். மனிதனில் இக்குடும்பத்தைச் சேர்ந்த கருவாங்கிகள் 48 உள என்பது இன்று தெளிவு. இவை கருவினுள் டி.என்.ஏயைப் பற்றிப் பரம்பரையலகுகளைத் தூண்டவோ அடக்கவோ வல்லன.

1986 இல் சென், பல்ரிமோர் ஆகியோர் என்.எவ். கப்பா பி என்னும் புரதத்தைக் கண்டறிந்தனர். அழற்சித் தூதுகள் எட்டியதும் அகவணிக் கலத்தில் இப்புரதம் கருவுட் புகுந்து, வெண்குருதிக் கலங்களைப் பற்றும் ஒட்டுமூலக்கூறுகளைத் தோற்றுவிக்கின்றது. கோன்ஹைம் கண்ட காட்சியின் மூலக்கூற்று விளக்கம் இதுவே. கோட்டிசோலைப் பற்றிய வாங்கி இப்புரதத்தைத் தடுக்கின்றது. அதனால் கலன்சுவரின் ஒட்டுந்தன்மை குறைகின்றது.

1998 இல், அவ்வாங்கிகள் இரண்டிரண்டாக இணைந்து டி.என்.ஏயைப் பற்றும் ஆற்றல் குன்றிய எலிகள் உருவாக்கப்பட்டன. அவை உயிர் வாழ்ந்தன; அவற்றில் அடக்கும் தொழிலும் குன்றவில்லை. தூண்டுதலால் தீமையும் அடக்குதலால் நன்மையும் விளைகின்றன என அப்போது கருதப்பட்டது. ஆகவே இரண்டையும் பிரிக்கலாம் எனப் பலர் நம்பினர். ஆனால் கடும் அழற்சியை ஆற்றத் தூண்டுதலும் வேண்டும் எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

மற்றொரு கருவாங்கிக் குழுவாகிய பி.பி.ஏ.ஆரின் வரலாறும் இதனையே உணர்த்தும். அதன் ஆல்பா வகையைத் தூண்டும் பொருட்கள் மனித அகவணிக் கலங்களில் ஒட்டுமூலக்கூறொன்றைக் குறைத்தன என 1999 இல் அறியப்பட்டது. அதே ஆண்டில் காமா வகையைத் தூண்டும் றொசிகிளிற்றசோன் நீரிழிவு மருந்தாக ஒப்புதல் பெற்றது. அது நாடிகளையும் காக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் 2007 இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்று அது மாரடைப்பைக் கூட்டக்கூடும் என்றது. 2010 இல் ஐரோப்பா அதன் விற்பனையை இடைநிறுத்தியது. அமெரிக்கா விதித்த கட்டுப்பாடுகள் 2013 இல் தளர்த்தப்பட்டன.

2020 இல் கோவிட் நோயாளர்க்கு டெக்சாமெதசோன் கொடுத்துப் பார்த்தபோது, செயற்கைச் சுவாசம் பெற்றோரின் இறப்பு ஏறத்தாழ மூன்றிலொன்று குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதோர்க்கோ பயன் எதுவும் காணப்படவில்லை. வாங்கி ஒன்றே, கலமும் காலமும் வேறுபட, விளைவும் வேறுபடுகின்றது. கலத்தட்டிற் கண்ட உண்மை முழுவுடலின் உண்மையாகிவிடாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.