மாநிலங்களவையில் நமக்கு ஏன் 18?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒருவர் வந்து நின்றார். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். இப்போது அவர் மகளே எட்டாம் வகுப்பு. "நான் ஒரு கேள்வி கேட்டேன், நீங்க பதில் சொல்லவே இல்ல" என்று சிரித்தார். எனக்கும் அந்த நாள் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. குடிமையியல் பாடம். "அமெரிக்காவுல பெரிய மாநிலம், சின்ன மாநிலம் எல்லாத்துக்கும் ரெண்டு செனட்டர்னு சொன்னீங்க. நம்ம நாட்டுல மட்டும் தமிழ்நாட்டுக்கு 18, இன்னொண்ணுக்கு 1, ஏன் சார்?" என்று கேட்டான். "அது அப்படித்தான்டே, புத்தகத்துல இருக்கிறத எழுது" என்று உட்கார வைத்துவிட்டேன். உண்மை என்னவென்றால் எனக்கே தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டக் குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை.

டீக்கடையில் அவர் இன்னொன்றும் கேட்டார். "தொகுதி மறுவரையறைன்னு டிவியில பேசுறாங்களே சார், மக்களவையில நமக்குக் குறைஞ்சாலும் மாநிலங்களவையில எல்லா மாநிலமும் சமம்தானே?" அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இன்று அவருக்கு இந்தத் தவறான நம்பிக்கை வந்திருக்காது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அமெரிக்கக் கதை. 1787-இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு எழுதக் கூடினார்கள். மக்கள்தொகைப்படி இடம் வேண்டும் என்றது வர்ஜீனியா. எல்லோருக்கும் சமமாக வேண்டும் என்றது நியூ ஜெர்சி. கூட்டம் கலைந்துவிடும் போல இருந்தது. கனெக்டிகட்டைச் சேர்ந்த ரோஜர் ஷெர்மன் போன்றவர்கள் நடுவில் வந்து, கீழவை மக்கள்தொகைப்படி, மேலவை சமமாக என்று முடித்து வைத்தார்கள். ஜூலை 16 அன்று ஒரே ஒரு மாநில வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. சின்ன மாநிலங்கள் அங்கே ஏற்கெனவே தனி அரசுகளாக இருந்தவை. ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து போயிருக்கும். பேரம் பேச அவற்றின் கையில் பிடி இருந்தது.

நம் நாட்டில் நிலைமை வேறு. இரண்டு அவை என்பது நமக்கு 1919 சட்டத்தின் மூலம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது. அந்த மேலவை பெரிய பணக்காரர்களும் நிலக்கிழார்களும் உட்கார்ந்த சபை. அதனால் 1947 ஜூலை 28 அன்று அரசியல் நிர்ணய சபையில் இரண்டு அவை வேண்டும் என்ற பிரிவு வந்தபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. ஏகாதிபத்தியத்தின் மிச்சம், முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்றெல்லாம் எதிர்த்தார்கள். பிரிவை முன்வைத்து வாதாடியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரான என். கோபாலசாமி அய்யங்கார். (அரசு வேலைக்குப் போகும் முன் பச்சையப்பன் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தியவர். வாத்தியார் என்பதால் எனக்குத் தனிப் பிரியம்.) அவருடைய வாதம் சுருக்கமானது. முக்கிய விஷயங்களை நிதானமாகப் பேச ஒரு இடம் வேண்டும். ஒரு வேகத்தில் கொண்டுவரும் சட்டத்தை, வேகம் தணியும் வரை கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். அதே சமயம் அது சட்டத்துக்கும் நிர்வாகத்துக்கும் தடையாகிவிடக் கூடாது. இந்தக் கடைசி உறுதிமொழியைச் சேர்த்ததால்தான் எதிர்த்தவர்களின் பயம் தணிந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்த உறுதிமொழி அரசியலமைப்பிலும் அப்படியே இருக்கிறது. பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. மற்ற சாதாரண மசோதாவில் இரண்டு அவைக்கும் ஒத்துவராவிட்டால் கூட்டுக் கூட்டம். அங்கே தலை எண்ணினால் மக்களவைதான் பெரிது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் அப்படித்தான் நிறைவேறியது. ஆனால் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மட்டும் கூட்டுக் கூட்டம் கிடையாது, இரண்டு அவையும் தனித்தனியாக ஒத்துக்கொள்ள வேண்டும். 1970-இல் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மொத்தம் 224. மூன்றில் இரண்டு பங்கு 149.33. ஒரு ஓட்டில் கூட அல்ல, ஒரு ஓட்டின் பின்னத்தில் தோற்றது! பின்னம் எதற்கு சார் என்று கேட்டவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு வேறு திருத்தம் கொண்டுவந்துதான் மன்னர் மானியத்தை ஒழித்தார்கள்.

இப்போது 18-க்கு வருவோம். எல்லா மாநிலத்துக்கும் சம இடம் வேண்டும் என்ற யோசனை நம் சபையிலும் எழுந்தது, எடுபடவில்லை. அப்போது எத்தனை மாநிலம் இருக்கும் என்பதே முடிவாகவில்லை. 550-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர்தானே, 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் மாவட்டத்துக்கு வந்தது. இந்த நிலையில் யாருக்கு யார் சமம் என்று சொல்வது? சுத்தமாக மக்கள்தொகைப்படி கொடுத்தாலும் வடக்கே இருக்கும் பெரிய மாகாணங்கள் விழுங்கிவிடும்.

அதனால் ஒரு நடுக்கணக்கு போட்டார்கள். முதல் 50 லட்சம் பேர் வரை 10 லட்சத்துக்கு ஒரு இடம். அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஒரு இடம், மிச்சம் 10 லட்சத்தைத் தாண்டினால் அதற்கும் ஒன்று. சின்ன மாநிலத்துக்குக் கொஞ்சம் சலுகை, பெரியதற்குக் கொஞ்சம் பிடித்தம். பந்தியில் பெரிய குடும்பத்துக்கு இலை அதிகம், ஆனால் தலைக்கு ஒரு இலை என்று இல்லை.

போட்டுப் பார்ப்போம். 1951 கணக்கெடுப்பில் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் சுமார் 301 லட்சம் பேர். முதல் 50 லட்சத்துக்கு 5. மிச்சம் 251 லட்சம். அதில் 20 லட்சம் 12 தடவை போகும், மீதி 11 லட்சம், அதற்கும் ஒன்று. 5 + 13 = 18. இதுதான் நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். கரும்பலகையில் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

ஆனால் சலுகை எவ்வளவு என்று பாருங்கள். மக்களவையில் 543-இல் நமக்கு 39, அதாவது நூற்றுக்கு 7.2. மாநிலங்களவையில் தேர்ந்தெடுக்கப்படும் 233-இல் 18, அதாவது 7.7. உத்தரப் பிரதேசம் மக்களவையில் 80, இங்கே 31. பங்கு 14.7-லிருந்து 13.3-ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். சிக்கிம் போன்ற ஊருக்கு இது பெரிய லாபம். நம்மைப் போல நடுத்தர மாநிலத்துக்குச் சில்லறை லாபம். ஆகவே தம்பி, மாநிலங்களவை நமக்குக் கோட்டைச் சுவர் இல்லை. 1971 மக்கள்தொகையோடு நிறுத்திவைத்த மக்களவைப் பங்கீட்டை 1976-இலும் பிறகு 2001-இலும் தள்ளிப்போட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் அதனால் நஷ்டப்படக் கூடாது என்பதுதான் காரணம். அந்தப் பேரம் மறுபடி திறக்கும்போது மேலவையைக் காட்டி நம்மைச் சமாதானப்படுத்த முடியாது.

ஒரே ஒரு ஆறுதல் இருக்கிறது. அந்த 18 ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் தானாக மாறாது, நான்காம் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் மாநிலங்களுக்கு உள்ள பிரதிநிதித்துவத்தைத் திருத்த இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், குறைந்தது பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும்.

பழக்க தோஷம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. 1951-இல் இன்றைய கேரளப் பகுதியில் சுமார் 135 லட்சம் பேர். கேரளத்துக்கு எத்தனை இடம் வரும்? கால்குலேட்டர் இல்லாமல் போட்டுக் கீழே எழுதுங்கள். டீக்கடையில் சந்தித்தவரே, முதல் விடை உங்கள் மகளிடமிருந்து வரட்டும்.