மல்லாட்டையும் மூணு வயசும்

போன வாரம் ஊரிலிருந்து அம்மா வந்தாங்க. பண்ருட்டிப் பக்கத்துக்காரங்க பையில் என்ன இருக்கும்? முந்திரி கொஞ்சம், மல்லாட்டை நிறைய. (வேர்க்கடலைதாங்க. மணிலாக்கொட்டை தேய்ந்து எங்க ஊரில் மல்லாட்டை ஆச்சு.) ஹெப்பகோடியில் எங்களுக்கு மேல்மாடியில்தான் தம்பி குடும்பம். அவன் பொண்ணுக்கு ஏழு மாசம். அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாங்க: "இவளுக்காவது குடுக்கலாமா? இல்ல, இவளுக்கும் ஒரு காகிதம் வச்சிருக்கியா?"

அந்தக் காகிதம் 2005 சமாச்சாரம். என் மகளுக்கு அப்போ எட்டு மாசம். அம்மா வறுத்துத் திரித்துக் கொண்டுவந்த சத்துமாவில் மல்லாட்டை இருந்தது. நான் இணையத்திலிருந்து அச்செடுத்த பக்கத்தை நீட்டினேன். பசும்பால் ஒரு வயசுக்குப் பிறகு, முட்டை இரண்டு, கடலையும் மீனும் மூன்று. மாவு டப்பா குப்பைக்குப் போனது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ரெண்டு நாள் முன்னாடியே ஊருக்குக் கிளம்பிட்டாங்க.

நான் காட்டியது பொய்யான காகிதம் இல்லை. 2000இல் அமெரிக்கக் குழந்தைநல அகாடமி சொன்னதே அதுதான். 1998இல் பிரிட்டிஷ் அரசும் கடலை விஷயத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தது. ஆனால் ரெண்டுமே ஒவ்வாமை உள்ள குடும்பங்களுக்குச் சொன்னது. எங்க வம்சத்தில் ஒருத்தருக்கும் கிடையாது. அந்த வரியை நான் படிக்கவே இல்லை. ஆதாரம் பலமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. "எதற்கு வம்பு, தள்ளிப்போடுவோம்" என்கிற ஜாக்கிரதைதான். 2008இல் அகாடமியே தள்ளிப்போடுவதற்குத் தக்க சான்று இல்லை என்று பின்வாங்கியது.

இதன் நடுவில் ஒரு சுவாரசியமான கதை. லண்டன் மருத்துவர் கிடியன் லாக் இஸ்ரேலில் பேசப் போனார். கடலை ஒவ்வாமை நோயாளியைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றாராம். அரங்கம் நிறைய மருத்துவர்கள், தூக்கியது ரெண்டு மூணு கைதான். லண்டனில் கேட்டிருந்தால் எல்லாக் கையும் மேலே போயிருக்கும். அங்கே குழந்தைகள் பல் முளைக்கும் முன்பே 'பம்பா' என்ற கடலைப் பொரியைச் சப்புகிறார்கள். இரண்டு நாட்டு யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008இல் அவர் குழு வெளியிட்ட கணக்கு: பிரிட்டனில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17. பத்து மடங்கு!

ஒப்பீடு மட்டும் போதாதே. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகளை, 4 முதல் 11 மாதத்துக்குள், இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கடலை உண்டு, மறுபாதிக்கு ஐந்து வயசு வரை கிடையாது. 2015இல் முடிவு வந்தது. சாப்பிடாதவர்களில் 17.2 சதவீதத்துக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2. எந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற அந்தக் காகிதம் எழுதப்பட்டதோ, அதே மாதிரிக் குழந்தைகள்!

காரணமாக லாக் சொல்வது: வெடித்த தோல் வழியே கடலைத் தூள் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கும், வயிறு வழியே போனால் பழகிக்கொள்ளும். எங்க வீட்டை நினைத்துப் பார்த்தேன். வாசல் முழுக்க மல்லாட்டை காயும், தொலி பறக்கும். குழந்தை வாய்க்கு மட்டும் தடை போட்டிருந்தேன்.

அதற்காக 'பாட்டி வைத்தியமே வென்றது' என்று கொடி பிடிக்கவும் மனசு வரவில்லை. பிறந்ததும் நாக்கில் தேன் தடவுவதும் அதே பாட்டிகள்தானே? ஒரு வயசுக்குள் தேன் ஆபத்து. பெங்களூர், மைசூர் பெரியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. கால்வாசிப் பேர் ரத்தத்தில் உணவுக்கு எதிரான கூறு இருந்தும், ஒவ்வாமை இருக்கலாம் எனக் கணித்தது 1.2 சதவீதம்தான். ஏன் என்று யோசிக்க நல்ல கேள்வி.

நேற்று அம்மா மல்லாட்டையை வறுத்து, தொலி நீக்கி, மிக்ஸியில் மாவாக அரைத்து, கஞ்சியில் கால் ஸ்பூன் கரைத்தாங்க. ஊட்டிவிட்டு ரெண்டு மணி நேரம் குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. "உன் மவளுக்கு அரைச்சதும் இதே பக்குவம்தான்டா" என்றாங்க. தங்கமணி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்குத்தான் போக இடம் இல்லை.

டிஸ்கி: குழந்தைக்குக் கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முழுக் கடலை வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.