நிலைக்காந்த மோட்டார்களில் மேற்பரப்பு அமைப்பும் உட்புதை அமைப்பும்: ஒப்பீட்டு அளவுகோல் பற்றிய ஒரு மறுஆய்வு

நிலைக்காந்த மோட்டார்களின் வடிவமைப்பை ஒப்பிடும் ஆய்வுகளில், காந்தங்களைச் சுழலியின் மேற்பரப்பில் ஒட்டுவதைவிட அதன் இரும்புக்குள் புதைப்பதே சிறந்தது என்னும் முடிவு ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. மின்வாகனங்களைப் பொறுத்தவரை இதற்கு வலுவான காரணங்கள் உண்டு; எனினும் அது வடிவத்தின் இயல்பு பற்றிய முடிவன்று, வேகவீச்சும் இன்வெர்ட்டரின் திறனும் முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு பணியைப் பற்றிய முடிவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தத்தின் உட்புகுதிறன் காற்றினுடையதைவிடச் சில விழுக்காடே மிகுதி என்பதால், மேற்பரப்புச் சுழலியில் காந்தப் பாயம் எத்திசையில் சென்றாலும் ஏறத்தாழ ஒரே அளவு தடையையே எதிர்கொள்கிறது. காந்தத்தைப் புதைக்கும்போது, காந்தத்தின் ஊடே செல்லும் நேரச்சில் தடை மிகுந்தும், துருவங்களுக்கு இடையே இரும்பின் வழியாகச் செல்லும் குறுக்கச்சில் தடை குறைந்தும் அமைகின்றன. இந்த வேறுபாடே காந்தத்தின் முறுக்குவிசையோடு மற்றொரு முறுக்குவிசையையும் சேர்த்துத் தருவதால், குறைந்த காந்தத்தைக் கொண்டே அதே வேலையை வாங்க முடிகிறது.

புதைத்த வடிவத்தின் பெருமை இதனோடு முடிவதில்லை. வேகம் ஏற ஏற, சுருணையில் எழும் எதிர் மின்னழுத்தம் இன்வெர்ட்டரின் வரம்பை எட்டிவிடுகிறது; அதற்கு மேலும் ஓட்ட வேண்டுமானால், காந்தப் பாயத்தை எதிர்க்கும் மின்னோட்டத்தைச் செலுத்திப் புலத்தைத் தளர்த்தியாக வேண்டும். காந்தப் பாயப் பிணைப்பை நேரச்சுத் தூண்டத்தால் வகுத்தால் கிடைக்கும் மின்னோட்டம் இன்வெர்ட்டரின் வரையளவு மின்னோட்டத்துக்குச் சமமாக இருந்தால், கோட்பாட்டளவில், உயர்வேகத்திலும் திறன் சரிவதில்லை. மேற்பரப்பு வடிவத்தில் தூண்டம் மிகக் குறைவு என்பதால் இந்நிபந்தனை அதற்கு எட்டாதது என்று கருதப்பட்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியே சுற்றும் பின்னக்காடிச் சுருணையைப் பயன்படுத்தினால் கசிவுத் தூண்டம் உயர்ந்து அந்நிபந்தனை நிறைவேறும் என்பதை எல்-ரெஃபாய், ஜான்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். சுழலியின் குறையாக எண்ணப்பட்டது, உண்மையில் அதனோடு இணைத்த நிலையகத்தின் குறையே. இதற்கு விலையும் உண்டு: அச்சுருணை உண்டாக்கும் துணை அலைகள் காந்தங்களில் சுழிப்பு மின்னோட்டத்தைத் தோற்றுவித்து அவற்றைச் சூடாக்குகின்றன. மேலும், இன்வெர்ட்டர் எவ்வளவு கூடுதல் மின்னோட்டத்தைத் தந்தாலும், மேற்பரப்பு வடிவத்தின் உயர்வேகத் திறன் ஒரு வரம்பைத் தாண்டுவதில்லை. புதைத்த வடிவத்தின் உண்மையான மேன்மை இந்த மிகுபளு நிலையிலேயே வெளிப்படுகிறது.

ஒரே வகைக்குள்ளும் அளவுகோல் எப்படித் திசைமாற்றும் என்பதற்கு டொயோட்டா பிரியஸ் கார் சான்றாகிறது. 2004 மாடலின் மோட்டார் 50 கிலோவாட் திறனும் 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்து, நிமிடத்துக்கு 6,000 சுற்று வரை ஓடியது. 2010 மாடலில் முறுக்குவிசை 207 ஆகக் குறைந்திருக்க, திறன் 60 கிலோவாட்டாகவும் வேகம் 13,500 சுற்றாகவும் உயர்ந்தன. இரண்டிலும் காந்தங்கள் சுழலிக்குள் வி வடிவில் புதைந்தவையே. முறுக்குவிசையை மட்டும் அட்டவணையிட்டுப் பார்ப்பவருக்குப் பிந்தையது பின்னடைவாகவே தோன்றும். இடையில் வேகக்குறைப்புக் கியர் வந்திருப்பதை அந்த அட்டவணை காட்டாது. விட்டம் மாறாமல் வேகம் மட்டும் 2.25 மடங்கானால் மையவிலக்கு விசை ஐந்து மடங்காகும். காந்தத்தைத் தாங்கும் மெல்லிய இரும்புப் பாலங்களைத் தடிப்பாக்கினால், அவற்றின் வழியே பாயம் பயனின்றிக் கசியும். வேகத்தின் விலை இந்தப் பாலங்களில்தான் கொடுக்கப்படுகிறது.

இந்திய வீடுகளில் இப்போது பரவிவரும் பிஎல்டிசி மின்விசிறியில் நிலைமை முற்றிலும் வேறு. பழைய தூண்டல் விசிறி சுமார் 75 வாட் இழுத்த இடத்தில் ஏறக்குறைய 30 வாட்டில் சுழலும் இதில், சுழலி வெளிப்புறத்தில் இருப்பதால் மையவிலக்கு விசை காந்தங்களைப் பிய்த்தெறியாமல் வளையத்தோடு அழுத்தியே வைக்கிறது; பாலமோ உறையோ தேவைப்படுவதில்லை. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளே சுழல்வதால் புலத் தளர்த்தலுக்கும் வேலையில்லை. நியோடிமியத்தின் மூன்றிலொரு பங்கு அளவே எஞ்சுகாந்தம் கொண்ட மலிவான ஃபெரைட்டே பெரும்பாலும் போதுமானதாகிறது. இங்கே காந்தத்தைப் புதைப்பது வீண் செலவு.

ஒப்பீடுகள் பெரும்பாலும் விட்டுவிடும் நிலை ஒன்று உண்டு. உச்சவேகத்தில் இன்வெர்ட்டர் திடீரெனச் செயலிழந்தால், புலத்தைத் தளர்த்திய மின்னோட்டம் நின்று, காந்தத்தின் எதிர் மின்னழுத்தம் முழுமையாக எழுந்து, இன்வெர்ட்டரின் மின்தேக்கியைத் தாக்குகிறது. பயன்திறன் வரைபடத்தில் இதற்கு இடமில்லை. ஆயினும் காந்தத்தை எவ்வளவு வைக்கலாம் என்பதைப் பல வாகன மோட்டார்களில் இறுதியாகத் தீர்மானிப்பது இதுவே.